பழைய நூற்பட்டியலிலிருந்து கோஹாவுக்கு: கல்லூரி நூலகர் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நூலகராகப் பணியாற்றுகிறேன். எங்களிடம் ஏறத்தாழ 28,000 நூல்கள் உள்ளன. அவற்றில் 9,000 தமிழ் நூல்கள். உள்ளூர் நிரலாளர் ஒருவர் 2006-ஆம் ஆண்டில் எழுதிக் கொடுத்த மென்பொருளில்தான் இன்றும் நூல் வழங்கிவருகிறோம். அவர் தொழிலை விட்டுச் சென்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மென்பொருள் ஓடும் கணினியோ வாரத்திற்கு இருமுறை நின்றுவிடுகிறது. புதிய மென்பொருளுக்கு ஒரு நிறுவனம் இரண்டரை லட்சம் ரூபாயும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணமும் கேட்கிறது. கட்டற்ற நூலக மென்பொருளான கோஹாவை நிறுவலாம் என்று நான் சொன்னபோது, “இலவசமாக வருவதற்கு யார் பொறுப்பு?” என்று முதல்வர் கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அது ஓடும் லினக்ஸ் இயங்குதளம் எனக்குப் பழக்கமில்லை. உதவிக்கு ஒரு நூலக உதவியாளர் மட்டுமே இருக்கிறார். தமிழ்த் தலைப்புகள் யாவும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய பாமினி எழுத்துருவில் உள்ளன. கோஹாவா, சோல் (SOUL) என்ற இன்னொரு நூலக மென்பொருளா, அந்த நிறுவனத்திடம் பணம் கொடுத்து வாங்குவதா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள நூலகர் அவர்களுக்கு,

கோஹாவுக்கு மாறலாம் என்பதே என் கருத்து. ஆனால் அதை நிறுவுவதை இந்தக் கல்வியாண்டின் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இருமுறை நிற்கும் கணினி ஒருநாள் நின்றபடியே இருந்துவிடும். அன்றைக்கு எந்த மென்பொருள் சிறந்தது என்ற ஆராய்ச்சியால் பயன் இராது. ஆகவே இக்கடிதத்தைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டியது, பழைய மென்பொருளின் தரவுக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை இரண்டு வெளி வன்தட்டுகளில் நகலெடுத்து, ஒன்றை நூலகத்திலும் மற்றொன்றை முதல்வர் அலுவலகத்திலும் வைப்பதுதான். அக்காலத்து உள்ளூர் மென்பொருள்களில் பல மைக்ரோசாஃப்ட் அக்சஸ் அல்லது ஃபாக்ஸ்புரோ கோப்பில் தரவைச் சேமித்தன. உங்களுடையதும் அப்படியிருந்தால், நிரலாளர் இல்லாமலேயே கணினி அறிவியல் துறை ஆசிரியர் ஒருவரால் அதைத் திறந்து அட்டவணையாக எடுத்துத் தர முடியும். கடவுச்சொல் போடப்பட்டிருந்தாலும் தளர வேண்டாம். அக்காலக் கோப்புகளின் பூட்டு அவ்வளவு வலுவானதன்று.

இனி முதல்வரின் கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. அதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொறுப்பு என்று அவர் சொல்வதில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. மென்பொருள் பழுதானால் சரிசெய்பவர் யார் என்பது ஒன்று. இழப்பு நேர்ந்தால் ஈடு செய்பவர் யார் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு, பணம் கொடுத்து வாங்கும் மென்பொருளிலும் பெரும்பாலும் பதில் கிடையாது என்பதை அதன் உரிம ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் பொறுமையாக வாசித்தால் காணலாம். தரவு இழப்புக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று விற்பவர்கள் பொதுவாக எழுதியே வைத்திருப்பார்கள். கோஹாவின் குனூ பொது உரிமமும் உத்தரவாதம் எதுவும் தருவதில்லை. ஆக, அந்த வகையில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு முதல் செய்தியில் இருக்கிறது. உங்கள் நூலகம் 2006-இல் பணம் கொடுத்துத்தான் மென்பொருள் பெற்றது. அதை எழுதியவர் போனதும் மூல நிரலும் அவரோடு போயிற்று. இன்று வேறொருவரை அழைத்துத் திருத்தச் சொல்ல உங்களால் இயலாது. கோஹாவின் மூல நிரல் எவருக்கும் திறந்திருப்பதால், ஒருவர் விலகினால் அதே தரவோடு அதே மென்பொருளை இன்னொருவர் எடுத்து நடத்தலாம். முதல்வரிடம் உங்கள் கல்லூரியின் இந்த அனுபவத்தையே எடுத்துச் சொல்லுங்கள். வேறு சான்று தேவையில்லை.

கோஹா பிறந்த கதையும் இதையொத்ததே. நியூசிலாந்தின் லெவின் என்ற சிற்றூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த நூலகங்களை நடத்திய ஹொரொவெனுவா நூலக அறக்கட்டளை, தன் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்று 1999-இல் அறிந்தது. சந்தையில் இருந்தவற்றை வாங்குவதைவிடப் புதிதாக எழுதச் செய்வது மேல் என்று முடிவெடுத்து, கடிப்போ என்ற சிறு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தது. 2000 ஜனவரியில் மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்தது. தாங்கள் செலவழித்து எழுதியதை எவரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். கோஹா என்பது மாவோரி மொழியில் அன்பளிப்பைக் குறிக்கும் சொல். பெறுபவர் என்றேனும் திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்பும் அதில் உண்டு என்பார்கள், நம்மூர் மொய்யைப் போல. பின்னர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து நெல்சன்வில் பொது நூலகம் செலவேற்று, நூல் விவரங்களை நூலகங்கள் பரிமாறிக்கொள்ள உதவும் பொது வடிவமான மார்க் பதிவு வசதியை அதில் சேர்க்கச் செய்தது. அந்த ஒரு சேர்க்கையால்தான் இன்று நீங்களும் நானும் அதைப் பயன்படுத்த முடிகிறது. உங்களைப் போன்ற நிலையில் இருந்த ஒரு சிறு நூலகத்தின் தேவையிலிருந்து வந்தது என்பதால், பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே உரியது என்ற அச்சம் வேண்டாம்.

சோலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் மனத்தில் கொண்டு உருவாக்கியது அது. முதல் பதிப்பு 2000-ஆம் ஆண்டிலும் மூன்றாம் பதிப்பு 2021-இலும் வந்தன. அது மூல நிரல் எவருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருள் அன்று. ஆனால் பொது நிறுவனத்தின் வெளியீடு, விண்டோஸில் இயங்குவது, நம் கல்லூரிகளின் நடைமுறை அறிந்து எழுதப்பட்டது. கோஹாவை விரும்புகிறவர்கள் சிலர் சோலைக் குறைத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லினக்ஸ் தெரிந்த ஒருவரும் கிடைக்காத கல்லூரிக்குச் சோல் தக்க தேர்வே. தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயாவும் இருக்கிறது. அதற்கு விலை இல்லை, ஆனால் மூல நிரலும் நம் கைக்கு வராது. விலையின்மையும் திறந்திருத்தலும் வேறு வேறு என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஹைதராபாத்தில் உருவான நியூஜென்லிப் 2008-இல் திறமூலமாக்கப்பட்டது. இருப்பினும் உதவி கேட்க ஆள் கிடைப்பதைப் பொறுத்தவரை இன்று கோஹாவுக்கு நிகராக நான் அதைச் சொல்ல மாட்டேன். இவற்றுள் எதை எடுத்தாலும் ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: நாளை நான் வெளியேற விரும்பினால், என் பதிவுகள் முழுவதையும் மார்க் 21 வடிவில் ஒரே கோப்பாக நானே எடுத்துக்கொள்ள முடியுமா? இரண்டரை லட்சம் கேட்கும் நிறுவனத்திடமும் இதை எழுத்தில் கேளுங்கள். அவர்கள் தயங்கினால் அந்த விலைப்பட்டியலை மூடி வைத்துவிடலாம்.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலையளித்த வரி லினக்ஸ் தெரியாது என்பதன்று. தமிழ்த் தலைப்புகள் பாமினியில் உள்ளன என்பதே. எழுத்துருவை நீக்கிவிட்டுப் பார்த்தால், ‘தமிழ்’ என்ற சொல் உங்கள் தரவுக் கோப்பில் j, k, p, o என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் கிடக்கும். அப்படியே கோஹாவில் ஏற்றினால் 9,000 நூல்களும் திரையில் குப்பையாகத் தெரியும். தேடலில் ஒன்றும் அகப்படாது. ஒருங்குறிக்கு மாற்றுவதற்கு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உள்ளன. மாற்றும் முன் தமிழ் வரிசைகளையும் ஆங்கில வரிசைகளையும் கட்டாயம் பிரித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் உங்கள் ஆங்கில நூல்கள் பத்தொன்பதாயிரமும் பொருளற்ற தமிழாகிவிடும். பழைய மென்பொருளில் மொழி என்ற கட்டம் நிரப்பப்படாமல் இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளிக் குறியாகவே தட்டப்படுகிறது. தமிழில் புள்ளி வைத்த எழுத்து இல்லாத தலைப்பு அரிது. ஆங்கிலத் தலைப்பிலோ ஒரு சொல்லின் நடுவில் அரைப்புள்ளி வராது. தலைப்புக் கட்டத்தில் அரைப்புள்ளி உள்ள வரிசைகளை வடிகட்டினால் தமிழ் நூல்களில் பெரும்பகுதி ஒரே முயற்சியில் தனியே வந்துவிடும்; எஞ்சியவற்றைக் கண்ணால் பிரிக்கலாம்.

மாற்றி முடித்த பிறகும் சில பிழைகள் ஒளிந்திருக்கும். ‘ஔவையார்’ என்பதில் முதலெழுத்து ஒரே எழுத்தாக இல்லாமல், ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து நிற்பதாக அமைந்திருக்கலாம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ‘கௌதமன்’, ‘மௌனி’ போன்ற பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. இதற்காக ஒகர ளகரத்தை எல்லாம் ஔகாரமாக மாற்றும்படி ஒரே கட்டளை கொடுத்துவிடாதீர்கள். ‘ஒளி’ என்று தொடங்கும் தலைப்புகள் எல்லாம் கெட்டுப்போகும். நான் ஒருமுறை அவ்வாறு கொடுத்துவிட்டு இயற்பியல் நூல்களைத் தேடி இரண்டு நாள் அலைந்தேன். ‘ஸ்ரீ’ என்பதும் இரண்டு விதமாகக் குறியேறி வரும். ஒன்றைத் தெரிவு செய்து மற்றதை அதற்கு மாற்றிவிடுங்கள். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் இடையே தட்டச்சர் செய்திருக்கும் குழப்பத்தைக் கண்டுபிடிக்கக் கருவி ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு முதுகலைத் தமிழ் மாணவரை அமர்த்தி வாசிக்கச் செய்வதுதான் வழி.

அட்டவணையைக் கையாளும்போது மைக்ரோசாஃப்ட் எக்செல்லிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஐஎஸ்பிஎன் என்ற பதின்மூன்று இலக்க நூல் அடையாள எண்ணை அது தானாகவே சுருக்கிக் கணித வடிவில் எழுதிவிடும். நூலகத்தில் சேரும் ஒவ்வொரு படிக்கும் இடும் சேர்க்கை எண் 00125 என்றிருந்தால், அதன் முன்பக்கச் சுழியங்களை உதிர்த்துவிடும். காற்புள்ளி பிரித்த கோப்பாகச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்ற ஒருங்குறிக் குறியாக்கத்தைத் தெரிவு செய்யாவிட்டால் தமிழ் முழுவதையும் கேள்விக்குறிகளாக்கிவிடும். லிப்ரே ஆஃபிஸ் கால்க் சேமிக்கும் வேளையில் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க வழி தருகிறது. கட்டங்களை எல்லாம் எழுத்து என்று குறித்துத் திறந்தால் இத்தொல்லைகள் இல்லை. பதிப்பகப் பெயர்களை ஒழுங்குபடுத்த ஓப்பன் ரிஃபைன் என்ற கட்டற்ற கருவியைப் பரிந்துரைக்கிறேன். ஒரே பதிப்பகம் உங்கள் பட்டியலில் முழுப் பெயராகவும், சுருக்கமாகவும், ஆங்கிலத்திலுமாக எத்தனை உருவங்களில் இருக்கிறது என்பதை அது வரிசையாகக் காட்டிவிடும். சென்னையும் மதராசும் வேறு வேறு ஊர்களாக அதில் எழும்பும்போது சிரிப்பு வரும்.

இதைவிட முக்கியமானவை மூன்று. பாடநூல்களில் ஒரே நூலுக்கு இருபது படிகள் இருந்தால் உங்கள் பழைய அட்டவணையில் இருபது வரிசைகள் இருக்கும். கோஹாவில் நூல் என்பது ஒரு பதிவு. படிகள் அதன் கீழ் வரும் உருப்படிகள். அப்படியே ஏற்றினால் ஒரே தலைப்பு இருபது முறை தேடல் முடிவில் வந்து நிற்கும். ஆகவே தலைப்பு, ஆசிரியர், பதிப்பு மூன்றும் ஒத்தவற்றை முன்னதாகவே ஒன்றாக்கிவிட வேண்டும். அடுத்து, சேர்க்கை எண்ணைத்தான் நீங்கள் பார்கோடாகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கொள்கிறேன். உங்கள் கல்லூரியில் சுயநிதிப் பிரிவுக்குத் தனிச் சேர்க்கைப் பதிவேடு இருந்து, அதுவும் 1-இலிருந்து தொடங்கினால், அவ்வெண்கள் உதவிபெறும் பிரிவின் எண்களோடு மோதும். கோஹா ஒரே பார்கோடை இரண்டு உருப்படிகளுக்கு ஏற்காது. இரண்டாவது உருப்படியை விட்டுவிட்டு மேலே போய்விடும். ஏற்றியதும் அது காட்டும் எண்ணிக்கையைக் கவனிக்காவிட்டால், குறைந்திருப்பது பல மாதங்கள் கழித்து இருப்புச் சரிபார்ப்பின்போதுதான் தெரியும். சுயநிதி நூல்களுக்கு முன்னெழுத்து ஒன்றைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. மூன்றாவது, தொலைந்தவையும் கழிவு செய்தவையும். அவற்றை அட்டவணையிலிருந்து நீக்கிவிடாமல், உரிய குறியீட்டோடு ஏற்றுங்கள். தணிக்கைக்கு வருபவர் 1987-இல் வாங்கிய நூலைப் பற்றித்தான் கேட்பார்.

தூய்மையான அட்டவணை கிடைத்தபின் மார்க் எடிட் என்ற இலவசக் கருவி அதை மார்க் கோப்பாக்கித் தரும். மார்க்கில் ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட புலம் உண்டு. ஆசிரியர் 100-இலும், தலைப்பு 245-இலும், படிகளைப் பற்றிய தரவு 952-இலும் செல்லும்; 952-இன் p என்ற துணைப்புலம் பார்கோடு, o என்பது நூல் அலமாரியில் நிற்குமிடத்தைக் காட்டும் அழைப்பு எண். கோஹாவில் நூலகக் குறியீட்டையும் உருப்படி வகைகளையும் முதலில் வரையறுத்துவிட்டு, கோப்பில் உள்ள குறியீடுகள் எழுத்துக்கு எழுத்து அவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுவதில் தோல்வியுறுகிறவர்களில் பெரும்பாலோர் வழுக்குமிடம் இதுதான். முதலில் இருநூறு பதிவுகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள். அந்த இருநூறில் தமிழ், ஆங்கிலம், பல படி நூல், பல தொகுதி நூல், ஆசிரியர் இல்லாத நூல் எல்லாம் இருக்கட்டும்.

தமிழ் ஆசிரியர் பெயர்களுக்குச் சற்று நேரம் ஒதுக்குங்கள். உ. வே. சாமிநாதையர் உங்கள் பட்டியலில் சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர், உ.வே.சா. என்று பலவாறு இருப்பார். புதுமைப்பித்தனை விருத்தாசலம் என்று எவரும் தேடப்போவதில்லை; ஆயினும் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தேடக்கூடும். கோஹாவின் ஆசிரிய அதிகாரப் பதிவுகளில் ஒரு வடிவத்தை நிலைப்படுத்தி, மற்றவற்றை அதற்கு வழிகாட்டும் பெயர்களாகச் சேர்க்கலாம். தலைப்பிலும் புணர்ச்சி தொல்லை தரும். ‘தமிழிலக்கிய வரலாறு’ என்று அச்சான நூலை மாணவர் ‘தமிழ் இலக்கிய வரலாறு’ என்றுதான் தேடுவார், கிடைக்காது. அடிக்கடி தேடப்படும் நூல்களுக்கேனும் பிரித்தெழுதிய வடிவத்தை 246 என்ற புலத்தில் கூடுதல் தலைப்பாகச் சேர்த்துவிடுங்கள். 9,000 நூல்களுக்கும் இதைச் செய்ய முனைந்தால் நீங்கள் ஓய்வுபெறும் வரை முடியாது.

ஆங்கில நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் இருந்தால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சர்வரிலிருந்து கோஹாவின் உள்ளிருந்தே முழுப் பதிவை இறக்கிக்கொள்ளலாம். அது பெரிய வசதி. தமிழ் நூல்களுக்கு இவ்வழி பாதிதான் பயன்படும். அந்நூலகம் 1962 முதல் தில்லி அலுவலகத்தின் வாயிலாக இந்திய மொழி நூல்களைச் சேர்த்துவருகிறது. தமிழ் நூல்களும் அவற்றுள் ஏராளம். ஆனால் பதிவுகள் பொதுவாக ரோமன் எழுத்துப் பெயர்ப்பில்தான் இருக்கும். பொருள் தலைப்பையும் பக்க விவரத்தையும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, தலைப்பையும் ஆசிரியரையும் நீங்கள் தமிழில் தட்டச்சு செய்யுங்கள்.

தேடலைப் பற்றி, நிறுவித் தருபவரிடம் நீங்கள் வலியுறுத்த வேண்டிய ஒன்று உண்டு. கோஹா வழக்கமாகச் செப்ரா என்ற தேடற்பொறியைப் பயன்படுத்துகிறது. அதன் இயல்பான அமைப்பு ஐரோப்பிய எழுத்துகளை நோக்கியது. தமிழுக்கு ஐசியு என்ற அமைப்புக்கு மாற்றி, தேடல் அட்டவணையை முழுவதும் மறுபடி கட்டச் செய்ய வேண்டும். இதை அறியாமல் நிறுவிவிட்டு, கோஹாவில் தமிழ்த் தேடல் வேலை செய்யாது என்று முடிவு கட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். வேலை முடிந்தது என்று அவர் சொன்னவுடன், ‘சிலப்பதிகாரம்’, ‘கௌதமன்’, ‘ஔவை’ என்ற மூன்று சொற்களை உங்கள் கையால் தட்டித் தேடிப் பாருங்கள். அதன் பிறகு கையெழுத்திடுங்கள். திரையின் தமிழாக்கம் முழுமையாக இல்லை. மாணவர் பக்கத்தைத் தமிழில் வைத்து, பணியாளர் பக்கத்தை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்வது இப்போதைக்கு நலம்.

லினக்ஸுக்கு வருகிறேன். அன்றாடம் நூல் வழங்கவும் பட்டியலிடவும் அதை நீங்கள் அறிய வேண்டியதே இல்லை. அவை யாவும் உலாவியில் நடப்பவை. டெபியன் லினக்ஸில் கோஹாவை நிறுவுவதும் இன்று முன்போல் கடினமன்று. ஆயத்தப் பொதிகளாகவே கிடைக்கிறது. எட்டு ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி வட்டும் உள்ள ஒரு மேசைக் கணினியும், அதற்கென்று ஒரு யுபிஎஸ்ஸும் உங்கள் அளவுக்குப் போதும். கற்றுக்கொள்வதற்கு அதுவும் வேண்டாம். உங்கள் விண்டோஸ் கணினியிலேயே விர்ச்சுவல் பாக்ஸ் என்ற மென்பொருளால் ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து, அதில் கோஹாவை நிறுவி, கெடுத்து, மீண்டும் நிறுவிப் பழகலாம். கெடுத்துப் பழகுவது முக்கியம். பணியாளர் பக்கத்தை மட்டும் கல்லூரி வளாகத்திற்கு வெளியே திறந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து மாணவர்கள் தேட ஓபேக் என்ற பொதுத் தேடல் பக்கம் போதும்.

நீங்கள் கட்டாயம் கற்க வேண்டிய ஒரே லினக்ஸ் வேலை, காப்புநகலை எடுத்து வேறொரு கணினியில் உயிர்ப்பித்துக் காட்டுவது. கோஹா நாள்தோறும் தானே காப்புநகல் எடுக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், உண்மைதான். ஆனால் அது அதே கணினியில்தான் சேமிக்கிறது. அதோடு மாற்றியமைக்காவிட்டால் கடைசி இரண்டு நாள் நகல்களை மட்டுமே வைத்துக்கொள்கிறது. முதன்முதலாக நான் கோஹா நிறுவிய நூலகத்தில், நகல் எடுக்கப்படுகிறது என்ற நிம்மதியில் இருந்தேன். ஒரு மழைக்கால இரவில் மின்னழுத்தம் ஏறி வன்தட்டு கருகியது. நகல்களும் அதிலேயே இருந்தன. நான் தற்செயலாகப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த பழைய நகலிலிருந்து மீட்டோம். இடைப்பட்ட பதினொரு நாள் வழங்கல் கணக்கை மாணவர்களின் நேர்மையை நம்பி எழுதினோம். அன்று முதல் ஒவ்வொரு நாள் மாலையும் நகலை வேறு கட்டடத்தில் உள்ள கணினிக்கு அனுப்புவதும், மூன்று மாதத்திற்கு ஒருமுறை அதை வேறொரு கணினியில் மீட்டுப் பார்ப்பதும் என் வழக்கம். மீட்டுப் பார்க்காத நகலை நான் நகல் என்று கணக்கில் எடுப்பதில்லை.

இனி முதல்வரிடம் எதைக் கேட்பது? மென்பொருளுக்குப் பணம் வேண்டாம் என்று மட்டும் சொல்லி அவர் மனத்தை மகிழ்விக்காதீர்கள். அடுத்த ஆண்டு ஒரு வன்தட்டுக்குக் கேட்டால்கூட, இலவசம் என்றுதானே சொன்னீர்கள் என்பார். சர்வருக்கும் யுபிஎஸ்ஸுக்கும் ஒருமுறைச் செலவு, தரவைச் செப்பனிட இரண்டு தற்காலிகப் பணியாளர்களுக்கு ஆறு மாத ஊதியம், பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை, உங்களோடு கணினி அறிவியல் துறையிலிருந்து ஒருவருக்கும் சேர்த்துப் பயிற்சி ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். இரண்டாமவர் ஏன் என்றால், நீங்கள் ஓய்வு பெற்றாலோ பணி மாறினாலோ 2006-இன் கதை திரும்பக்கூடாது. நிறுவித் தருவதற்கு வெளியாள் வைத்தால், சர்வரின் முதன்மைக் கடவுச்சொல் கல்லூரியிடம் இருக்க வேண்டும் என்பதையும், பதிவுகளின் முழு மார்க் நகல் ஒவ்வொரு மாதமும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். இவற்றுள் ஆளும் ஆண்டுத் தொகையும் கிடைக்காது என்று தெரிந்துவிட்டால், கோஹாவை விட்டுவிட்டுச் சோலுக்குச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செப்பனிட்ட தரவு அங்கேயும் அப்படியே பயன்படும்.

முதல்வருக்கு அரசு சார்ந்த காரணம் வேண்டுமென்றால், மின்னாளுகைப் பணிகளில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை இந்திய அரசு 2015-இல் வெளியிட்டிருப்பதைச் சுட்டலாம். கல்லூரிகளைத் தரமிடும் நாக் (NAAC) மதிப்பீட்டைப் பற்றியும் கேட்பார். நான் விடையளித்த படிவங்களில் நூலகம் தன்னியக்கமாக்கப்பட்டதா, மென்பொருளின் பெயர், பதிப்பு, முழுமையா பகுதியா, எந்த ஆண்டு என்பவற்றைக் கேட்டிருந்தார்கள். விலை கொடுத்து வாங்கியதா என்று கேட்கவில்லை. அவர்கள் விரும்பும் புள்ளிவிவரங்களையும் நம் சேர்க்கைப் பதிவேட்டின் வடிவத்தையும் கோஹா ஆயத்தமாகத் தராது. தரவுத்தளத்தை வினவும் மொழியான எஸ்க்யூஎல்லில் அறிக்கையாக எழுதிக்கொள்ள வேண்டும். பிற நூலகர்கள் எழுதிப் பகிர்ந்தவை நிறைய உள்ளதால் பெரும்பாலும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

காலத்தைப் பொறுத்தவரை, இப்போதிருந்து கோடை விடுமுறை வரை தரவைச் செப்பனிடுங்கள். ஏப்ரலில் நூல்கள் யாவும் திரும்பி வந்தபின் ஒரு நாளைக் குறித்து, அன்று மாலையோடு பழைய மென்பொருளில் புதிய பதிவு இடுவதை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள். இரண்டையும் சில மாதம் சேர்த்து ஓட்டிப் பார்க்கலாம் என்று யாரேனும் யோசனை சொல்வார்கள். இரண்டே பேர் உள்ள நூலகத்தில் அது நடவாது, இரண்டு கணக்கும் கெடும். கோஹாவின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் மே, நவம்பர் மாதங்களில் வருகிறது, 23.11 என்றால் 2023 நவம்பர் பதிப்பு என்று பொருள். விடுமுறையில் நிறுவுகிறீர்கள் என்பதற்காக அந்த மாதம்தான் வெளியான பதிப்பை எடுக்காமல், அதற்கு முந்தைய நவம்பர் பதிப்பை எடுங்கள். அதன் தொடக்கப் பிழைகளைப் பிறர் கண்டு திருத்தி முடித்திருப்பார்கள். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் மேம்படுத்தினால் போதும்.

கையால் எழுதிய பழைய சேர்க்கைப் பதிவேடுகளை மட்டும் கணினிமயம் முடிந்தது என்று பரணில் ஏற்றிவிடாதீர்கள். அட்டவணையில் விலை இல்லாத நூல்களுக்கும், இரண்டு பிரிவிலும் ஒரே எண் கொண்ட நூல்களுக்கும் விடை அவற்றில்தான் இருக்கிறது. தற்காலிகப் பணியாளர்கள் வந்து அமரும் மேசையில் கணினிக்குப் பக்கத்திலேயே அவற்றை அடுக்கி வையுங்கள்.